பனித்துகளைப் படமெடுத்த பெண்ட்லி

பனி என்றவுடன் நமக்கு நினைவில் எழுவது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. ஈண்டுக் கூறப்புகுவது அதுவன்று. குளிர்நாடுகளில் முகிலினின்று வெண்பஞ்செனச் சொரியும் உறைபனி. அதன் படிகம் ஒவ்வொன்றும் ஆறு பக்கமுடைய பளிங்கு போன்றது. உறையும்போது நீரின் மூலக்கூறுகள் ஆறு ஆறாக வளையமிட்டு இணைவதே அவ்வடிவிற்குக் காரணம். வானநூற் புலவராகிய கெப்ளர் 1611-ஆம் ஆண்டிலேயே இவ்வறுகோணத்தை ஆராய்ந்து ஒரு சிறுநூல் இயற்றினார். எனினும், அதன் எழிலை உலகறியச் செய்தவர் கல்லூரிப் படியேறாத ஓர் உழவரே.

வில்ஸன் பெண்ட்லி 1865-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்து எரிகோவிற் பிறந்தார். வேதாகமத்து எரிகோ பேரீச்சமரங்களின் பட்டணம். இவருடைய எரிகோவோ மாரிதோறும் பனியில் மூழ்குவது! பள்ளியாசிரியையாயிருந்த தாயே அவருக்கு வீட்டிற் கல்வி புகட்டினார். பதினைந்தாம் வயதில் அன்னையார் அளித்த நுண்பெருக்கியின்கீழ்ப் பனித்துகளை வைத்து நோக்கிய சிறுவர், கண்டதை வரைய முயன்றார். கோடு முடியுமுன் துகள் உருகிற்று. மீண்டும் வரைந்தார், மீண்டும் உருகிற்று.

புகைப்படக் கருவியொன்றே துணையாகுமெனத் தெளிந்தார். அதன் விலை ஏறத்தாழ நூறு டாலர். உழவர் குடிக்கு அஃது எளிய தொகையன்று. பனியைப் படமெடுத்தல் வீண்வேலையென்று கருதிய தந்தையார், மனமின்றியே வாங்கிக் கொடுத்தார். நுண்பெருக்கியையும் அக்கருவியையும் இணைத்துப் பலகாற் பிழைத்தபின், 1885 ஜனவரி 15-ஆம் நாள் முதற் படம் தெளிவாக அமைந்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இதனைப் படிப்போரிற் பலருடைய வயதே அது.

அவர் பணிசெய்த இடம் கணப்புத் தீயில்லாக் கொட்டகை. கரும்பலகையிற் பனியை ஏந்துவார். நல்ல துகளொன்றை மெல்லிய குச்சியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் இடுவார். இறகினால் மெல்லத் தடவிப் படியவைப்பார். மூச்சுக்காற்றுப் பட்டாலும் துகள் அழியுமாதலின், மூச்சடக்கியே இவையெல்லாம் செய்தல்வேண்டும். இவ்வாறு அவர் எடுத்த படங்கள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டன.

அவற்றின்மீது ஒரு வழக்கும் எழுந்தது. வெண்பனி கரும்புலத்திற் பொலியவேண்டி, நெகடிவ் தகட்டில் துகளைச் சூழ்ந்திருந்த பூச்சைப் பெண்ட்லி கத்தியாற் சுரண்டி நீக்குவார். ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹெல்மன் இதனைக் கண்டித்தார். அவர் பொருட்டு நாய்ஹவுஸ் என்பார் எடுத்த படங்களில், துகள்கள் ஒருபுறம் நீண்டும் ஒருபுறம் குறைந்தும் காணப்பட்டன. இவ்வழக்கில் எம் மனம் முழுதும் பெண்ட்லியின் பக்கம் சாயவில்லை. விளிம்பு எங்கு முடிகின்றது என்பதைக் கத்தி பிடித்த கை முடிவு செய்தல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. மேலும், விழுவனவற்றிற் பெரும்பாலன சிதைந்தவை. அவரோ வடிவு நிறைந்தவற்றையே நாடித் தேடினார். ஆயினும் அந்த அழகு வேட்கை இல்லாதிருந்தால், ஊதியம் கருதாது நாற்பத்தாறு மாரிகள் அக்குளிரில் நின்றிருப்பாரோ?

அவர் அழகொன்றையே நாடினார் என்பதும் முறையாகாது. தட்டில் மாவைப் பரப்பி மழையிற் காட்டி, துளிபட்டுத் திரண்ட மாவுருண்டைகளை அளந்து, மழைத்துளியின் பருமனைக் கணித்தார். அம்முடிவுகள் 1904-இல் வெளிவந்தன. அவற்றை அக்காலத்தார் பெரிதும் மதித்திலர்.

ஹம்ப்ரீஸ் என்னும் வானிலை அறிஞரோடு சேர்ந்து 1931-இல் அவர் வெளியிட்ட நூலில் 2,400-க்கு மேற்பட்ட படங்கள் உள. அவ்வாண்டே பனிப்புயலில் நடந்து வீடு சேர்ந்தவர், நுரையீரல் அழற்சியுற்று டிசம்பர் 23-ஆம் நாள் காலமானார்.

அந்நூல் கடல் கடந்து, ஜப்பானின் ஹொக்கைடோவில் இருந்த நக்கயா என்னும் பேராசிரியரைப் பனியாராய்ச்சியில் தூண்டிற்று. அவர் அழகியவற்றோடு, பெண்ட்லி விலக்கிய கோணல் துகள்களையும் விடாது படமெடுத்து வகைப்படுத்தினார். 1936-ஆம் ஆண்டு குளிரறையொன்றில், முயலின் மயிர்நுனியில், மனிதர் ஆக்கிய முதற் பனிப்படிகத்தை வளர்த்தவரும் அவரே.