இரு தரப்பிலும் நின்றவர்

நுழையும்முன்

ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டவுடனேயே அவரைக் குற்றவாளி என்று ஊர் தீர்மானித்துவிடுவது உண்டு. நீதிமன்றம் அவ்வாறு தீர்மானிப்பதில்லை. குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படும்வரை அவர் குற்றமற்றவராகவே கருதப்படுகிறார். இன்று நமக்கு இயல்பாகத் தோன்றும் இந்நெறி ஒரு காலத்தில் நீதிமன்றங்களில் போராடிப் பெறவேண்டியதாக இருந்தது. அப்போராட்டத்தில் பெரும்பங்கு ஆற்றிய வில்லியம் கேரோ என்னும் ஆங்கில வழக்கறிஞரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் கல்வியும்

வில்லியம் கேரோ 1760ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், இலண்டனுக்கு வடக்கே உள்ள மாங்கன் ஹாட்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் டேவிட் கேரோ அவ்வூரில் பள்ளி நடத்திவந்தார். அப்பள்ளியிலேயே மகனும் கல்வி பயின்றார். பதினைந்தாம் வயதில் கேரோ இலண்டன் நகரின் சீப்சைடு பகுதியில் தாமஸ் சவுத்ஹவுஸ் என்பாரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். சவுத்ஹவுஸ், கட்சிக்காரர்களுக்காக வழக்கு ஆவணங்களை உருவாக்கும் சட்டமுகவர். மாணவரின் நாவன்மையைக் கண்ட அவர், நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டராக உயர வேண்டுமென ஊக்குவித்தார்.

கேரோ 1778இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக்கழகத்தில் சேர்ந்தார். புத்தகப் படிப்புடன் அவர் நிறைவடையவில்லை. ஓல்டு பெய்லி நீதிமன்றத்திற்குச் சென்று அங்கு நடக்கும் விசாரணைகளை உற்றுநோக்கினார். கோச்மேக்கர்ஸ் மன்றத்தில் நடந்த சொற்போர்களில் கலந்துகொண்டு பேச்சாற்றலை வளர்த்துக்கொண்டார். 1783ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பாரிஸ்டராகப் பதிவுபெற்றார்.

அக்கால நீதிமன்றம்

கேரோவின் பணியின் அருமையை உணர, அன்றைய நீதிமன்றத்தின் நிலையை அறிதல் வேண்டும். ஓல்டு பெய்லி, இலண்டன் மாநகரின் குற்றவியல் நீதிமன்றம். அதனை அடுத்தே நியூகேட் சிறைச்சாலை இருந்தது. ஆண்டுக்கு எட்டு முறை அமர்வுகள் கூடின. ஓர் அமர்வில் மிகப் பல வழக்குகள் விசாரிக்கப்பட்டதால், ஒரு வழக்கிற்குச் சில நிமிடங்களே கிடைத்தன. அந்தச் சில நிமிடங்களில் ஒருவருடைய உயிர் முடிவு செய்யப்பட்டது. ஏனெனில், அன்றைய இங்கிலாந்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை உண்டு. கடையில் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளை மறைவாகத் திருடினாலும், குடியிருக்கும் வீட்டில் நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலும் தூக்குமரமே முடிவாகலாம்.

முறையான காவல்துறை அன்று இல்லை. பொருளை இழந்தவரே தம் செலவில் வழக்குத் தொடுக்கவேண்டும். வழிப்பறி, கன்னமிடுதல் போன்ற குற்றங்களில் ஒருவரைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தருவோருக்கு அரசு நாற்பது பவுன் பரிசளித்தது. எளிய தொழிலாளிக்கு அது ஓராண்டு வருவாயினும் மிகுதி. இதனால் பரிசுக்காகவே ஆளைப் பிடிப்போரும் பொய்ச்சாட்சி சொல்வோரும் பெருகினர்.

குற்றம் சாட்டப்பட்டவரின் நிலையோ இரங்கத்தக்கது. சிறையில் கிடக்கும் அவருக்குத் தமக்கு எதிரான சான்றுகள் எவை என்பதே முன்கூட்டித் தெரியாது. பெரும்பாலோர் வழக்கறிஞர் துணையின்றியே கூண்டில் நின்றனர். வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளோருக்கும் ஒரு தடை இருந்தது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் சட்ட நுணுக்கங்களை எடுத்துரைக்கவும் மட்டுமே அவ்வழக்கறிஞருக்கு உரிமை உண்டு. தம் கட்சிக்காரர் ஏன் குற்றமற்றவர் என்பதை நடுவர் குழுவான ஜூரியிடம் எடுத்துப் பேச அவருக்கு உரிமையில்லை. வாதித் தரப்பு வழக்கறிஞருக்கோ வழக்கை விளக்கித் தொடக்கவுரை ஆற்றும் உரிமை இருந்தது.

முதல் வழக்கு

பதிவுபெற்ற இரண்டே திங்களில், 1784 சனவரியில், கேரோவுக்கு ஒரு வழக்குக் கிடைத்தது. அதில் அவர் வாதித் தரப்பில் தோன்றினார். ஜான் ஹென்றி எய்க்கிள்ஸ் என்பவர், நூறு பவுன் மதிப்புள்ள மாற்றுச்சீட்டு ஒன்றைப் பணமாக்கித் தருவதாகக் கூறி வாங்கிச் சென்றவர். பணமும் தரவில்லை, சீட்டையும் திருப்பித் தரவில்லை. சீட்டை உரியவரே தம் கையால் கொடுத்திருக்க, இதனைத் திருட்டு என்று எவ்வாறு சொல்வது என்பது எதிர்த்தரப்பின் வினா. அத்தரப்பில் பழுத்த அனுபவமுடைய வழக்கறிஞர்கள் நின்றனர். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்துடன் வாங்கியிருந்தால், கொடுத்தவர் சீட்டைக் கையளித்தாரேயன்றி அதன் உரிமையைக் கையளிக்கவில்லை. ஆகவே அது திருட்டே என்று கேரோ வாதிட்டார். எய்க்கிள்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. இளம் வழக்கறிஞரின் பெயர் இலண்டன் சட்ட வட்டாரத்தில் பரவியது.

இக்கதை அத்துடன் முடியவில்லை. 1785 செப்டம்பரில் அதே எய்க்கிள்ஸ் மீண்டும் ஓல்டு பெய்லியில் நிறுத்தப்பட்டார். நாட்டைவிட்டு வெளியேற வேண்டியவர் வெளியேறாமல் நடமாடினார் என்பது இம்முறை குற்றச்சாட்டு. இம்முறை அவருக்காக வாதாட எழுந்தவர் கேரோ. அவர் நாட்டைவிட்டுச் செல்லாததற்கு உடல்நலக் குறைவே காரணம் என்று சான்றுகளால் காட்டினார். எய்க்கிள்ஸ் விடுவிக்கப்பட்டார்.

தண்டனை வாங்கிக் கொடுத்தவரே பின்னர்க் காப்பாற்றவும் முன்வருவது முரண் அன்றோ என்று நமக்குத் தோன்றலாம். சற்றுச் சிந்தித்தால் முரண் இல்லை என்பது விளங்கும். சீட்டை ஏமாற்றி வாங்கினாரா என்பது முதல் வழக்கின் வினா. தக்க காரணமின்றி நாட்டில் தங்கினாரா என்பது இரண்டாம் வழக்கின் வினா. முன்பு ஏமாற்றினார் என்பதனாலேயே இரண்டாம் வினாவுக்கும் ஆம் என விடை எழுதிவிட முடியாது. ஒவ்வொரு குற்றச்சாட்டும் அதற்குரிய சான்றுகளால் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும். எத்தரப்பில் நின்றாலும் சான்றினைச் சோதிப்பதே வழக்கறிஞரின் கடமை என்பதனைக் கேரோவின் இளமைக்கால வழக்குகள் உணர்த்துகின்றன.

குறுக்கு விசாரணை என்னும் கருவி

1783 முதல் 1793 வரையிலான பத்தாண்டுகள் கேரோ ஓல்டு பெய்லியில் மிகுதியாக உழைத்த காலம். நூற்றுக்கணக்கான வழக்குகளில் அவர் தோன்றினார். அவற்றுள் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவருக்காகவே நின்றார். ஜூரியிடம் பேசும் உரிமை இல்லாத நிலையில், தம் வாதத்தை எல்லாம் வினாக்களுக்குள்ளேயே பொதிந்துவைத்தார். இருட்டில் முகத்தை எவ்வாறு கண்டீர், முதலில் சொன்னதும் இப்போது சொல்வதும் ஏன் வேறுபடுகின்றன, தண்டனை கிடைத்தால் உமக்குச் சேரும் பரிசு எவ்வளவு என்னும் வகையில் வினாக்கள் தொடரும். விடையைக் கேட்கும் ஜூரியினர், சாட்சியின் உள்நோக்கத்தைத் தாமே உணர்ந்துகொள்வர்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. கேரோவின் வினாக்கள் கடுமையானவை. சில வேளைகளில் ஏளனமும் கலந்தவை. பொருளைப் பறிகொடுத்து நீதி நாடி வந்த நேர்மையான சாட்சிகளும் அவர்முன் தடுமாறியிருக்கக்கூடும். எனினும், சாட்சியம் சோதிக்கப்படாமலேயே ஒருவர் தூக்குமரம் ஏறும் நிலையை அக்கடுமை மாற்றத் தொடங்கியது.

1791இல் ஜார்ஜ் டிங்லர் என்பவர் தம் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். கேரோ அவருக்காகத் தோன்றினார். மனைவி இறப்பதற்குமுன் அளித்த வாக்குமூலம், டிங்லர் உடன் இல்லாதபோது பதிவு செய்யப்பட்டது. எதிர்க்கேள்வி கேட்க வாய்ப்பின்றிப் பதிவான அதனைச் சான்றாக ஏற்கலாகாது என்று கேரோ தடையெழுப்பினார். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒவ்வொரு மனிதரும் குற்றமற்றவராகவே கொள்ளப்படுவர் என்னும் கருத்தையும் அவ்வழக்கில் வெளிப்படையாக எடுத்துரைத்தார். அவ்வெண்ணம் அதற்கு முன்பும் சட்ட அறிஞரிடையே இருந்ததே. எனினும், ஆங்கிலக் குற்றவியல் நீதிமன்றத்தில் அதனைத் தெளிவுற ஒலித்தவர் என்னும் பெருமை கேரோவுக்கு உரியதாயிற்று.

உயர்வும் முரணும்

1793இல் அவர் அரச வழக்கறிஞர் நிலையைப் பெற்றார். 1806இல் அவர் வாதித் தரப்பில் நின்ற ஒரு வழக்கு நாட்டையே உலுக்கியது. டிரினிடாட் தீவின் ஆளுநராக இருந்த தாமஸ் பிக்டன், திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காக லூயிசா கால்டெரோன் என்னும் இளம்பெண்ணைச் சித்திரவதை செய்ய ஆணையிட்டவர். அப்பெண் இலண்டனுக்கு வந்து நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தாள். சித்திரவதையை விளக்கும் ஓவியத்தைக் கேரோ நீதிமன்றத்தில் முன்வைத்தார். ஜூரி பிக்டனுக்கு எதிராக முடிவு கூறியது. ஆயினும் பின்னர் மறுவிசாரணை நடந்தது. பிக்டனுக்குத் தண்டனை விதிக்கப்படவே இல்லை. வாதித் தரப்பில் நின்றபோதும், அதிகாரத்தின்முன் தனித்து நின்ற ஒருவருக்காகவே கேரோவின் குரல் ஒலித்தது.

1805இல் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், 1813இல் அரசின் தலைமை வழக்கறிஞரானார். அப்பொறுப்புகளில் இருந்தபோது, கொடிய தண்டனைச் சட்டங்களைத் தளர்த்த முயன்ற சாமுவேல் ரோமிலியின் சீர்திருத்தங்களுள் சிலவற்றை எதிர்த்தார். இளமையில் அச்சட்டங்களின் கொடுமையிலிருந்து பலரைக் காத்தவர், முதுமையில் அரசின் குரலாக நின்றது அவர் வாழ்வின் முரண். 1817 முதல் 1832 வரை நீதிபதியாகப் பணியாற்றினார்.

குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் ஜூரியிடம் நேரே பேசும் உரிமையை 1836ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. அப்போது கேரோவுக்கு வயது எழுபத்தாறு. இளமையில் தமக்குக் கிட்டாத உரிமை அடுத்த தலைமுறையினருக்குக் கிட்டியதை அவர் காண முடிந்தது. 1840ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் மறைந்தார்.

இன்றைய நிலை

மெய்ப்பிக்கப்படும்வரை குற்றமற்றவர் என்னும் நெறி 1948இல் அனைத்துலக மனித உரிமைப் பேரறிக்கையில் இடம்பெற்றது. கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு உறுதிசெய்கிறது. வசதியற்றோருக்கு இலவசச் சட்ட உதவி வழங்க 39அ பிரிவு வழிவகுக்கிறது. நம் ஊர் நீதிமன்றங்களிலும் இளம் வழக்கறிஞர்கள் கட்டுக்கட்டாக வழக்குக் கோப்புகளைச் சுமந்து நடப்பதைக் காண்கிறோம். இன்று ஒரு வழக்கில் குற்றம் சாட்டுபவருக்காகவும் நாளை மற்றொன்றில் குற்றம் சாட்டப்பட்டவருக்காகவும் அவர்கள் வினாத் தொடுக்கக்கூடும். கூண்டில் நிற்பவர் யாராயினும், சான்றைச் சோதித்த பின்னரே தீர்ப்பு என்னும் நெறியை அவர்களும் காத்துநிற்கின்றனர்.