ஸர் ஆர்தர் காட்டன்

மழைக்காலத்தில் கோவிலம்பாக்கத்து வெள்ளம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி ஓடுவதை நாம் கண்டிருக்கின்றோம். நீர் தாழ்விடத்தை நாடுமென்பது சிறுவரும் அறிந்ததே. அவ்வியல்பினால் தஞ்சை நாடே வளங்குன்றும் நிலையை ஒருகால் எய்திற்று. அதனை மாற்றியவர் ஸர் ஆர்தர் காட்டன்.

1803-ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த இவர், 1819-இல் சென்னை இஞ்சினியர் படையிற் சேர்ந்தார். முக்கொம்பில் காவிரியினின்று பிரியும் கொள்ளிடம் சரிவு மிகுந்தது. ஆதலின் நீர் அவ்வழியே விரைந்தோடிற்று. வேகங்குன்றிய காவிரியிலோ வண்டலும் மணலும் படிந்து படுகை மேடிட்டது. கொள்ளிடத்தின் தலைப்பில் நீர்மட்டத்தை உயர்த்தினால் காவிரிக்கு நீர் தானே திரும்புமென இவர் கண்டார்.

ஆயின், ஆழங்காணா மணலில் அணை நிற்குமோ? தேங்கிய நீர் தன் அழுத்தத்தால் அணையின் அடியே புகுந்து, மறுபுறம் ஊற்றெடுத்து, மணலைச் சிறுகச் சிறுக அரித்துவிடுமன்றோ? அதற்கு விடை கல்லணையில் இருந்தது. மணலிற் புதைந்த கற்களின்மேல் நெடுங்காலம் நிலைத்த அவ்வணையை இவர் ஆராய்ந்தார். மேனாட்டுக் கல்வி பெற்றவர் பழந்தமிழர் கட்டடத்தின்முன் மாணவராய் நின்றமை நமக்கு இன்றும் வியப்பளிக்கின்றது.

1836-இல் கொள்ளிடத்தின்மீது மேலணையும் கீழணையும் எழுந்தன. கணக்கு முற்றும் பொருந்திற்றென்று சொல்வதற்கில்லை. காவிரியில் நீர் மிகுந்து, படுகை அரிப்புண்ணலாயிற்று. பின்னர் அதன் தலைப்பிலும் தடுப்பு அமைக்க நேர்ந்தது.

இவ்வனுபவத்தோடு 1847-இல் தவளேசுவரத்தில் கோதாவரியணையைத் தொடங்கி, 1852-இல் முடித்தார். 1899-இல் இங்கிலாந்தில் மறைந்தார். கோதாவரிக் கரையூர்களில் இவருக்குச் சிலைகள் பல உள்ளன.