பக்கத்தில் ஓர் இடம்: கோப்பெருஞ்சோழன் கதை

லால்குடியிலிருந்து காலேஜுக்கு பஸ்ஸில் வருகிற நம்ம ஆளுங்களுக்கு இது தெரியும். ஜன்னல் வழியா பையைத் தூக்கிப் போட்டு நண்பனுக்கு சீட் பிடிப்போம். அவன் அடுத்த ஸ்டாப்பில் ஏறுவான் என்கிற ஒரே நம்பிக்கைதான். வாளாடி, டோல்கேட், கொள்ளிடம், ஸ்ரீரங்கம், காவிரி என்று சத்திரம் வந்து சேர்வதற்குள் அந்த ஒரு சீட்டுக்காக எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்போம்!

அந்தச் சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உறையூரில் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராஜா இருந்தான். அவனும் ஒரு நண்பனுக்கு இடம் பிடித்து வைத்தான். அந்த நண்பனை அவன் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. பிடித்து வைத்த இடம் எதற்குத் தெரியுமா? கூடவே உட்கார்ந்து சாவதற்கு.

அவன் பேர் கோப்பெருஞ்சோழன். உறையூருக்கு அப்போது கோழி என்றும் ஒரு பெயர். சோழர்களின் தலைநகரம். இவன் ராஜா மட்டுமில்லை, கவிஞனும்கூட. சங்க இலக்கியத்தில் இவன் பாடியதாக ஏழு பாட்டு இருக்கிறது. நாலு குறுந்தொகையில், மூன்று புறநானூற்றில். குறுந்தொகையில் இருப்பது எல்லாம் காதல். புறநானூற்றில் இருக்கிற மூன்றும் அவன் வாழ்க்கையின் கடைசி நாட்களில் பிறந்தவை.

பாண்டிய நாட்டில் பிசிர் என்கிற ஊரில் ஆந்தையார் என்று ஒரு புலவர் இருந்தார். பிசிராந்தையார் என்று ஸ்கூலில் படித்திருப்போம். வயசாகியும் தலை நரைக்காதவர். ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள், நல்ல அரசன், ஊரில் நல்ல பெரியவர்கள் என்று காரணம் சொன்னவர். சோழனைப் பற்றி இவரும், இவரைப் பற்றிச் சோழனும் கேள்விப்பட்டதோடு சரி. போனும் இல்லை, போட்டோவும் இல்லை. ஆனால் யாராவது பேர் கேட்டால், சோழனின் பேரையே தன் பேராகச் சொல்கிற அளவுக்கு அவருக்கு நட்பு இருந்தது. பாரதிதாசன் இவரை வைத்து எழுதிய நாடகத்துக்குத்தான் 1969-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். கோப்பெருஞ்சோழனுக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேரும் அப்பா மேலேயே படையெடுத்து வந்தார்கள். ராஜாவும் விடவில்லை. வாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அப்போது புல்லாற்றூர் எயிற்றியனார் என்கிற புலவர் குறுக்கே வந்தார். அவர் கேட்டது ரொம்ப நேரான கேள்வி. எதிரில் நிற்கிறவர்கள் உன் பழைய பகைவர்களா? உனக்குப் பின்னால் இந்த நாடு யாருக்குப் போகப் போகிறது? அவர்களுக்குத்தானே. நீ ஜெயித்து அவர்கள் செத்தால் இந்தச் செல்வத்தை யாருக்கு விட்டுவிட்டுப் போவாய்? நீ தோற்றால் சிரிக்கப் போவது உன் பகைவர்கள். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்தான். அதனால் சண்டையை விட்டுவிட்டு, மேல் உலகத்தார் உன்னை விரும்பி வரவேற்கிற மாதிரி நல்லதைச் செய் என்றார்.

ராஜா கேட்டான். அதுதான் ஆச்சரியம். வாளை வைத்துவிட்டு, வடக்கிருக்க முடிவு செய்தான். வடக்கு நோக்கி உட்கார்ந்து, சாப்பாட்டை விட்டு, உயிரை விடுவதுதான் வடக்கிருத்தல்.

இங்கே கதையை நிறுத்தி, கொஞ்சம் ஈராக் வரைக்கும் போய்விட்டு வரலாம். செத்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு அங்கே இருந்த பழைய மெசபடோமியா மக்கள் ரொம்ப இருட்டான பதில் வைத்திருந்தார்கள். நல்லவன், கெட்டவன், ராஜா, கூலி என்று வித்தியாசமே இல்லை. எல்லாரும் போய்ச் சேருவது பூமிக்கு அடியில் இருக்கிற ஒரே இருட்டு வீடு. சாப்பாடு மண்ணும் புழுதியும்தான். உடம்பில் பறவை மாதிரி இறகு. ஊருக் நகரத்து ராஜா கில்கமெஷ், நண்பன் எங்கிடு இறந்ததும் இதை நினைத்துப் பயந்துபோய், சாகாமல் இருக்க வழி தேடி உலகத்தின் விளிம்பு வரை ஓடினான். கடைசியில் கிடைத்த மூலிகையையும் பாம்பு தின்றுவிட்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பினான்.

அந்த இருட்டில் ஒரே ஒரு ஆறுதல், பிள்ளைகள். உயிரோடு இருக்கிறவர்கள் சாப்பாடும் தண்ணீரும் படைத்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் செத்தவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. இதற்குக் கிஸ்பு என்று பேர். நிலா மறைகிற நாளில் படைக்கிற வழக்கமும் இருந்தது. அமாவாசைக்கு அம்மா மண்டபம் படித்துறையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சுமேரியப் பாட்டில் கணக்கே போட்டிருக்கிறார்கள். ஒரு மகன் இருந்தால் அங்கே அழுதுகொண்டிருப்பான். இரண்டு மகன் என்றால் இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவான். ஏழு மகன் இருந்தால் தெய்வங்களோடு சரிசமமாக உட்காருவான்.

அந்தக் கணக்குப்படி நம்ம சோழனுக்கு இரண்டு செங்கலாவது உறுதி. ஆனால் அந்த இரண்டு மகன்களும் கையில் தண்ணீர்ச் செம்போடு வரவில்லை, வாளோடு வந்தார்கள். பிள்ளைகளை நம்பி மறு உலகம் என்கிற கணக்கு அவனுக்கு மொத்தமாக உடைந்துவிட்டது. அப்புறம் எதை நம்பி ஆற்றங்கரைக்குப் போனான்?

அதற்கு அவனே புறநானூறு 214-ல் பதில் சொல்கிறான். நல்லது செய்வோமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களைப் பார்த்துப் பேசுகிற பாட்டு அது. யானை வேட்டைக்குப் போகிறவனுக்கு யானையே கிடைக்கலாம், குருவி பிடிக்கப் போகிறவன் வெறுங்கையோடும் வரலாம், அதனால் பெரிதாகவே நினை என்கிறான். அப்புறம் வருவதைப் படித்தால் நம்ம ஃபர்ஸ்ட் இயர் சி புரோகிராம்தான் ஞாபகத்துக்கு வரும். நல்வினை செய்தால் மேல் உலகத்து இன்பம் கிடைக்கலாம். அது இல்லை என்றால், மறுபடி பிறக்காமல் இருக்கலாம். அதுவும் இல்லை என்றால், இமயச் சிகரம் மாதிரி பேரை நட்டுவிட்டு, பழியில்லாத உடம்போடு செத்துப்போவதே பெரிய விஷயம். இஃப், எல்ஸ் இஃப், எல்ஸ். சொர்க்கம் இருக்கிறது என்று அவன் அடித்துச் சொல்லவில்லை. இல்லாவிட்டாலும் நல்லது செய்வது நஷ்டமில்லை என்றுதான் சொல்கிறான்.

ஆற்று நடுவே ஒரு திட்டில், புள்ளி புள்ளியாக நிழல் விழும் மரத்தடியில் அவன் உட்கார்ந்தான். கூடவே சான்றோர் சிலரும் உட்கார்ந்தார்கள். பிசிராந்தையார் வருவார், அவருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. பார்த்ததே இல்லை, பாண்டிய நாட்டிலிருந்து இதற்காக யார் வருவார்கள்? ராஜா அசரவில்லை. நான் நன்றாக இருந்தபோது வராமல் இருந்திருக்கலாம், இப்போது வராமல் இருக்க மாட்டார் என்றான்.

வந்தார். வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதைப் பார்த்துத் திகைத்துப் பாடியவர் பொத்தியார், உறையூரிலேயே இருந்த இன்னொரு நண்பர். அவரும் கூட உட்காரத்தான் வந்தார். ராஜா விடவில்லை. உன் மனைவி பிள்ளை உண்டாகியிருக்கிறாள், மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டான். சொந்த மகன்களால் இந்த நிலைக்கு வந்தவன், இன்னொருத்தன் மகனுக்காக யோசிக்கிறான் பாருங்கள். இந்த இடத்தில்தான் எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

ராஜா இறந்த பிறகு பொத்தியார் பார்த்த உறையூர் வெறிச்சோடிக் கிடந்தது. யானையை இழந்த பாகன் அது கட்டியிருந்த வெறும் தறியைப் பார்த்து அழுவது மாதிரி அழுதார். சோழனுக்கு நடுகல் நட்டார்கள். மகன் பிறந்த பிறகு பொத்தியார் அந்தக் கல்லின் முன்னால் வந்து, எனக்கான இடம் எங்கே என்று கேட்டார். கல்லான பிறகும் ராஜா இடம் கொடுத்தான் என்று அடுத்த பாட்டு சொல்கிறது.

அவன் இறந்த விதத்தை நான் கொண்டாடவில்லை. உயிரை விடுவது எதற்கும் தீர்வில்லை, அதைப் பொத்தியாரைத் திருப்பி அனுப்பியபோது அவனே காட்டிவிட்டான். நான் பெரிதாக நினைப்பது அதற்கு முந்தின நிமிஷத்தை. கையில் வாள், எதிரில் பெற்ற பிள்ளைகள், கேட்பதற்குக் காது. அந்த மகன்கள் பேர்கூட அந்தப் பாட்டுகளில் இல்லை. அவன் பேரை இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது புலவர்கள் பாட்டுதான்.

எங்கள் தாத்தாவுக்கும் இரண்டு மகன்கள். வாய்க்கால் ஓரத்து நிலத்துக்காக அப்பாவும் சித்தப்பாவும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை. போன ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபத்தில் ஒரே தாத்தாவுக்கு இரண்டு பேரும் வேற வேற படியில் நின்று எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவிடம் எயிற்றியனார் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொள்ளிடம் பாலம் தாண்டியதும், அந்தப் புக்கு பேர் என்ன என்று மட்டும் கேட்டார்.

புறநானூறு, 213-லிருந்து 223 வரைக்கும். மொத்தம் 11 பாட்டு. உரையோடு படித்தால் லால்குடியிலிருந்து சத்திரம் வருவதற்குள் முடித்துவிடலாம்.