சாது சுந்தர் சிங்

நங்கநல்லூரை அடுத்த பரங்கிமலை ஏறக்குறைய 300 அடி உயரமே உடையது. அதன் படிகளில் ஏறியே இளைப்புறும் நாம், 10,000 அடிக்கு மேற்பட்ட இமயக் கணவாய்களைப் பெரும்பாலும் தனியராய் நடந்து கடந்த ஒருவரின் சரித்திரத்தை அறிதல் நன்று.

சுந்தர் சிங் 1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், பஞ்சாபிலுள்ள இராம்பூரில், செல்வமிக்க சீக்கியக் குடும்பத்திற் பிறந்தார். பதினான்காம் வயதில் அன்னையை இழந்தார். துயர மிகுதியால் கிறிஸ்தவ வேதத்தைத் தீயிலிட்டார். ஆயினும் 1905-இல், தமது பதினாறாம் பிறந்தநாளிலேயே, சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் காவியுடை தரித்துச் சாதுவானார்.

1908 முதல் திபெத்து தேசம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. பனிக்காலத்திற் கணவாய்கள் அடைபடுமாதலின், அப்போது சமவெளிகளிற் பிரசங்கித்துக் கோடையில் மலையேறுவார். காலில் மிதியடியில்லை, கையிற் பணமில்லை. ஒரு கம்பளமும் புதிய ஏற்பாடுமே துணை.

1918-இல் தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்தார். 1920-இலும் 1922-இலும் மேனாடுகள் சென்றார். திபெத்தில் நிகழ்ந்தனவாக அவர் கூறியவற்றை ஐயுற்றோரும் உளர். எனினும், புகழோடு சமவெளியிலே தங்கிவிடுதல் அவர்க்கு எளிது, அவர் தங்கினாரல்லர். 1929 ஏப்ரலில், உடல் நலிந்திருந்தும், நண்பர் அஞ்சியும், மீண்டும் திபெத்து நோக்கிப் புறப்பட்டார். தேடிச் சென்றோர் சுவடொன்றுங் காணாது மீண்டனர்.

அவர்க்குக் கல்லறையில்லை. ஓய்வு கைகூடிய பின்னும் கடமையின் வழியே நடந்த அந்நடையே அவர் நினைவுச் சின்னமன்றோ?