20 வயதில் ஆங்கிலம் பழகியவர், ஆங்கில நாவலின் உச்சிக்குப் போனது எப்படி? ஜோசஃப் கான்ராட் வாழ்க்கை சொல்லும் மொழிப் பாடம்

வேலைக்காக பெங்களூருவுக்கோ புனேவுக்கோ போயிருக்கிறீர்களா? ஆறு மாதமாகியும் ஆட்டோக்காரரிடம் நாலு வார்த்தை பேச நாக்கு எழவில்லையா? பக்கத்து ஃபிளாட் குழந்தை மட்டும் மூன்று வயதில் மூன்று மொழியில் வெளுத்து வாங்குகிறதா? இந்த வயசுல நமக்கெல்லாம் எங்க வரப்போகுது என்று கைகழுவும் முன், ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அனாதைச் சிறுவன், கப்பல் பையன்

ஜோசஃப் கான்ராட் 1857 டிசம்பர் 3 அன்று பெர்டிச்சிவ் ஊரில் போலிஷ் குடும்பத்தில் பிறந்தார். இன்றைக்கு அந்த ஊர் உக்ரைனில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. அப்பா அப்போலோ கவிஞர், மொழிபெயர்ப்பாளர். போலந்து விடுதலைக்காக இயங்கியதால் 1862-ல் குடும்பத்தோடு வடக்கு ரஷ்யாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்தக் குளிரும் நோயும் வீட்டைச் சிதைத்தன. கான்ராடுக்கு 7 வயதில் அம்மா போனார், 11 வயதில் அப்பாவும் போனார். பிறகு தாய்மாமன்தான் பார்த்துக்கொண்டார்.

தாய்மொழி போலிஷ். சின்ன வயதிலேயே பிரெஞ்சும் வந்துவிட்டது. 16 வயதில் கடலுக்குப் போகிறேன் என்று பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்துக்குக் கிளம்பினார். 1878 ஜூனில் ஒரு பிரிட்டிஷ் கப்பலில் வந்து இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டில் இறங்கியபோது வயது 20. ஆங்கிலத்தில் தெரிந்தது ஏதோ சில வார்த்தைகள், அவ்வளவுதான்.

அவருக்கு யார் டியூஷன் எடுத்தார்கள்?

யாரும் இல்லை. நிலக்கரி ஏற்றும் ஒரு சிறு கப்பலில் சேர்ந்தார். கூட இருந்த மாலுமிகள் பேசிய பேச்சுதான் பாடம். கயிறை இழு என்றால் இழுக்கணும்; புரியவில்லை என்று நிற்க முடியாது. மீதி நேரத்தில் செய்தித்தாளும் புத்தகமும் படித்தார்.

இரண்டே வருடத்தில், 1880-ல், இரண்டாம் நிலை அதிகாரிக்கான தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதி ஜெயித்தார். அடுத்த இரண்டு நிலைகளிலும் முதல் முயற்சியில் தோல்வி. திரும்ப எழுதித் தேறினார். 1886-ல் பிரிட்டிஷ் குடியுரிமையும் கேப்டன் சான்றிதழும் கைக்கு வந்தன.

இந்தியாவுக்கும் இதில் இடமுண்டு. 1884 ஏப்ரலில் கேப்டனோடு தகராறாகி, ரிவர்ஸ்டேல் கப்பலை விட்டு மெட்ராஸில் இறங்கினார். ரயில் பிடித்து பம்பாய் போய், நார்சிஸஸ் என்ற கப்பலில் ஏறினார். 1897-ல் வந்த அவரது நாவலின் தலைப்பில் அந்தக் கப்பலின் பெயர் இருக்கிறது.

முதல் நாவல் 'அல்மேயர்ஸ் ஃபாலி' 1895-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 37. அடுத்த பத்து ஆண்டுக்குள் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்', 'லார்ட் ஜிம்', 'நாஸ்ட்ரோமோ' எல்லாம் வந்தன. மூன்றாவதாகக் கற்ற மொழியில், ஆங்கிலேயர்களே பாடமாகப் படிக்கும் எழுத்து.

ஆனால், பேச ஆரம்பித்தால்?

இங்கேதான் கதை திரும்புகிறது. கடைசி வரை அவருடைய ஆங்கில உச்சரிப்பு அந்நியமாகவே ஒலித்தது. சில சொற்களைக் காதால் கேட்கும் முன்பே கண்ணால் படித்துப் பழகியதால், அவற்றைத் தப்பாகவே உச்சரித்தார் என்று நண்பர் எச்.ஜி. வெல்ஸ் பதிவு செய்திருக்கிறார். எழுத்தும் இலக்கணமும் உச்சத்தில், உச்சரிப்பு மட்டும் பிறந்த ஊரில்: இந்த நிலைக்கு மொழியியலாளர் தாமஸ் ஸ்கோவல் கான்ராடின் பெயரையே வைத்தார்.

ஏன் இப்படி? காது சீக்கிரமே முடிவெடுத்துவிடுகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஹிந்தியின் த, ட ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. 10 முதல் 12 மாதத்தில் மிகச் சில குழந்தைகளால்தான் முடிந்தது. வீட்டில் புழங்காத ஒலிகளை மூளை ஓரங்கட்டிவிடுகிறது. அதாவது, முதல் சொல்லைப் பேசும் நேரத்துக்குள்ளேயே காது தன் மொழியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

இலக்கணத்துக்கு அவகாசம் அதிகம். சுமார் 6.7 லட்சம் பேரின் இணையத் தேர்வு விடைகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, இலக்கணம் கற்கும் திறன் ஏறக்குறைய 17 வயது வரை தாக்குப்பிடித்து, பிறகு சரிகிறது என்று கணக்கிட்டது. சரிகிறது என்றுதான் சொல்கிறது, மூடிக்கொள்கிறது என்று அல்ல. 20-ல் தொடங்கிய கான்ராட் அந்தக் கோட்டைத் தாண்டியவர்.

இன்னொரு விஷயம்: குழந்தைக்கு மீட்டிங் கிடையாது. நாள் முழுக்கக் கேட்கிறது, ஒரு வருடம் கேட்ட பிறகுதான் பேசவே தொடங்குகிறது, தப்பாகப் பேசினாலும் எல்லோரும் கொஞ்சுகிறார்கள். கப்பல் கான்ராடுக்கு அந்த முழுநேரத்தைக் கொடுத்தது. கொஞ்சல் மட்டும் கிடைக்கவில்லை.

அந்நிய மொழியின் விலை

அந்த வலி அவருக்குத் தெரியும். 1896-ல் ஜெஸ்ஸி என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். தேனிலவில் கடும் காய்ச்சல் வந்தபோது போலிஷில் பிதற்றினார். மனைவிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. 1901-ல் 'ஏமி ஃபாஸ்டர்' என்ற கதை எழுதினார். கப்பல் உடைந்து இங்கிலாந்தில் கரை ஒதுங்கிய ஒருவன், தன் கைக்குழந்தையிடம் தாய்மொழியில் பேசுவதே மனைவிக்குப் பிடிக்காது. காய்ச்சலில் அவன் தன் மொழியில் தண்ணீர் கேட்க, அவள் பயந்து குழந்தையோடு ஓடிவிடுகிறாள். அவன் செத்துப்போகிறான்.

தன் உச்சரிப்பு குறித்துக் கான்ராடுக்குக் கூச்சம் இருந்தது. ஆனாலும் 1923-ல் நியூயார்க்கில் ஒரு வீட்டில், விருந்தினர் முன் தன் 'விக்டரி' நாவலிலிருந்து வாசித்தார். நாயகி சாகும் இடத்தில் கூட்டம் விசும்பியது.

மறு ஆண்டு, 1924 ஆகஸ்ட் 3 அன்று, காலமானார். கேன்டர்பரியில் உள்ள கல்லறையில் அவருடைய போலிஷ் பெயர் எழுத்துப்பிழையோடு பொறிக்கப்பட்டிருக்கிறது.

அதனால் புது ஊர் மொழியில் உங்கள் 'ஆக்சென்ட்' இடிக்கிறதே என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அது உங்கள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே பாதி முடிவான விஷயம். சொல்லும் இலக்கணமும் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. நாளைக்கு அந்த ஆட்டோக்காரரிடம் ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள். தப்பா வந்தா என்ன, அவர் திருத்துவார்.