கொசுவைத் தேடிய டாக்டர்

பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்தும்படி அம்மா சொல்கிறார் அல்லவா? கொசு வந்துவிடுமே என்ற கவலைதான். கொசு கடித்தால் மலேரியா வரும் என்பது இன்று உங்களுக்கே தெரியும். சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு பெரிய பெரிய டாக்டர்களுக்கே இது தெரியாது. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் ரொனால்டு ராஸ்.

1857-ம் ஆண்டு மே 13-ம் தேதி, இமயமலைப் பகுதியில் உள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. ராஸுக்கோ கவிதையிலும் இசையிலும்தான் ஆசை. ஆனாலும் அப்பாவின் விருப்பப்படி லண்டனில் மருத்துவம் படித்தார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார்.

மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒரு நுண்ணுயிர் இருப்பதை, லாவரன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1880-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால், அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்படிப் போகிறது? 1894-ல் விடுமுறையில் லண்டன் சென்ற ராஸிடம், கொசுவைச் சோதித்துப் பார்க்கும்படி பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் யோசனை சொன்னார்.

அடுத்த ஆண்டு செகந்திராபாத்தில் ராஸ் வேலையைத் தொடங்கினார். சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. ஆராய்ச்சியை மற்ற நேரத்தில்தான் செய்ய வேண்டும். கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். கடும் வெயில்! ஆனாலும் பங்கா போட முடியாது. போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடுமே! அவரது வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்துப் போயின.

ஹுசைன் கான் என்ற நோயாளி கொசுக்கடி பட முன்வந்தார். ஒரு கொசுவுக்கு ஒரு அணா கூலி! அப்படி அவர் ரத்தம் குடித்த ஒரு கொசுவின் வயிற்றில், 1897 ஆகஸ்டு 20 அன்று மலேரியா நுண்ணுயிரைக் கண்டார் ராஸ். எத்தனை மகிழ்ச்சி!

அந்த மகிழ்ச்சி நீண்ட நாள் நீடிக்கவில்லை. இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது! போக வேண்டிய ஊர் ராஜபுதனத்தில் உள்ள கேர்வாரா. அங்கே மலேரியா நோயாளிகளே அபூர்வம். நோயாளி இல்லாமல் ஆராய்ச்சி எப்படி நடக்கும்? மாதக்கணக்கில் வேலை நின்றுபோனது.

மேன்சன் சும்மா இருக்கவில்லை. மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார். 1898-ல் ராஸ் ஆராய்ச்சிக்கென்றே கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். சிறிய ஆய்வுக்கூடமும், முகமது பக்ஸ் என்ற நல்ல உதவியாளரும் கிடைத்தனர். பறவைகளுக்கு வரும் மலேரியாவை வைத்துச் சோதித்தார். நுண்ணுயிர் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடிக்கும்போது மற்றொரு பறவைக்குள் போகிறது என்று ஜூலை மாதமே நிரூபித்தார். பார்த்தீர்களா! நேரமும் இடமும் ஆளும் கொடுத்ததும் சில மாதங்களிலேயே விடை கிடைத்துவிட்டது. மனிதர்களுக்கும் இப்படித்தான் பரவுகிறது என்பதை, அதே ஆண்டு இத்தாலிய விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்.

ஆனால் ராஸை அந்த வேலையிலேயே இருக்க விடவில்லை. காலா அசார் என்ற வேறொரு காய்ச்சலை ஆராய அசாமுக்கு அனுப்பிவிட்டார்கள். மனம் சலித்த ராஸ் 1899-ல் இந்தியாவை விட்டே போய்விட்டார். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வெப்பமண்டல நோய்களுக்கென்று புதிதாகத் தொடங்கிய கல்லூரி அவரை வரவேற்று வேலை கொடுத்தது. 1902-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கண்டுபிடித்தது இங்கே, கண்டுபிடித்தவர் வாழ்ந்தது அங்கே! 1932-ல் லண்டனில் அவர் காலமானார்.

ஆகஸ்டு 20-ம் தேதியை உலகக் கொசு நாள் என்கிறார்கள். அன்று ராஸோடு ஹுசைன் கானையும் முகமது பக்ஸையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

செல்வங்களே, உங்களில் சிலர் நாளை டாக்டர் ஆவீர்கள். நோயாளியைக் கவனித்துக்கொண்டே, இந்த நோய் ஏன் வந்தது என்றும் தேடுங்கள். வேறு சிலர் பெரிய அதிகாரி ஆவீர்கள். அப்படித் தேடும் டாக்டரின் இடமாற்றக் காகிதம் உங்கள் மேஜைக்கு வந்தால், கையெழுத்துப் போடும் முன் கேர்வாராவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்!