மைக் இல்லாத காலத்து சூப்பர் ஸ்டார்

டிவி நடிகர் ஒருத்தர் ஆல்பம் பாட்டும் பாடினா நமக்கு ஆச்சரியமே இல்லை. ஆனா கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே நடிப்பு ஒரு பக்கம், இசைத்தட்டு ஒரு பக்கம்னு கலக்கிய ஒருத்தர் நம்ம பக்கத்துல இருந்தார், தெரியுமா? சங்கரன்கோவில்ல ரயில் ஏறி, தென்காசி தாண்டினா வருமே செங்கோட்டை, அந்த ஊர் எஸ்.ஜி.கிட்டப்பாதான்!

1906இல் பிறந்தவர். இயற்பெயர் ராமகிருஷ்ணன். சின்ன வயசிலேயே அண்ணன்களோடு நாடக மேடை ஏறிட்டார். அப்புறம் கன்னையா கம்பெனியில் பெரும்புகழ். அப்போ மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கணும்னா உச்ச ஸ்தாயியில்தான் பாடணும். கிட்டப்பாவுக்கு அது சர்வசாதாரணம்.

இலங்கையில் நாடகம் போடப்போன இடத்தில் கே.பி.சுந்தராம்பாளைச் சந்தித்தார். வள்ளி திருமணத்தில் ஜோடி. 1927இல் வாழ்க்கையிலும் ஜோடி. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். கடைசியில் இருவரும் பிரிந்தார்கள்.

1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தபோது வயசு வெறும் 27. நம்ம சீனியர்களோட வயசு! சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்று கட்டிய வெள்ளைப் புடவையை 1980இல் இறக்கும்வரை அவர் மாற்றவே இல்லை.

தமிழில் பேசும்படம் 1931லேயே வந்துவிட்டது. ஆனாலும் கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அதனால் அவர் நடிப்பை இனி யாரும் பார்க்க முடியாது. விடிய விடியப் பாடியவரிடமிருந்து நமக்கு மிஞ்சியது, பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம் ஓடும் சில இசைத்தட்டுகள்தான். ‘எவரனி’யைத் தேடிக் கேளுங்க. அந்தக் கரகரப்பையும் தாண்டி குரல் வரும்.